ஜீன்ஸ் வாங்கும்போது செய்யும் தவறுகள்: உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தீர்களா?

செங்கோட்டையில் தையல் மிஷின் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். ஜீன்ஸ் காலைக் குறைக்க வருகிறவர்களில் நிறையப் பேர் ஆரியங்காவு வழியாகப் புனலூருக்கு வேலைக்குப் போகிறவர்கள். காலையில் மலைப்பாதையில் சாரல், மதியம் புனலூர்ப் புழுக்கம். “நூறு சதவீதம் காட்டன்னுதான் போட்டிருக்கு அண்ணாச்சி, பின்ன ஏன் இப்படி அவியுது?” என்பார்கள்.

காட்டன் என்ற ஒரு சொல்லை நம்புவதுதான் முதல் தவறு. எடையையும் கேட்க வேண்டும். 14 அவுன்ஸ் டெனிம், அதாவது ஜீன்ஸ் துணி, என்றால் ஒரு சதுர கெஜம் துணியே 400 கிராம் வரும். தடித்த நூலை நெருக்கி நெய்தால் பஞ்சாக இருந்தாலும் காற்று புகாது. நம் பக்கத்துக்கு 9, 10 அவுன்ஸ் தாராளம்.

அடுத்தது, வெளிப்பக்கத்தை மட்டும் பார்த்து வாங்குவது. டெனிமில் நீளவாக்கில் ஓடும் நீல நூல் பாவு, குறுக்கே ஓடும் வெள்ளை நூல் ஊடை. பாவு நூல் மூன்று ஊடைக்கு மேலே ஓடி ஒன்றுக்குக் கீழே இறங்கும். அதனால் கண்ணுக்குத் தெரிவது பாவு, தொடையில் உரசுவது ஊடை. பாலியஸ்டர் கலக்கும்போது பெரும்பாலும் இந்த ஊடையில்தான் கலக்கிறார்கள். பஞ்சு தன் எடையில் 8 சதவீதம் வரை காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டும் ஈரமாகத் தெரியாது. பாலியஸ்டர் அரை சதவீதம்கூட இழுக்காது. துணி மெல்லிசாக இருந்தும் வேர்வை காலோடு ஒட்டுவது இதனால்தான். ஆனால் ஒன்று: ஆடி மாதச் சாரலில் கனத்த காட்டன் ஜீன்ஸ் மூன்று நாள் கொடியில் கிடந்து நாறும். அப்போது கொஞ்சம் பாலியஸ்டர் கலந்தது சீக்கிரம் காய்ந்து கைகொடுக்கும்.

கடையில் தடவிப் பார்த்து ‘மெத்துன்னு இருக்கு’ என்று எடுப்பதும் ஏமாற்றும். அந்த மென்மையில் பாதி, தயாரிப்பின் கடைசியில் துணியை மெத்தென்றாக்கப் போடும் சாஃப்ட்னர். சில சலவையில் போய்விடும். நூலின் குணம்தான் நிற்கும். கால் குறைக்கும்போது வெட்டிப் போட்ட துண்டிலிருந்து ஒரு வெள்ளை நூலை உருவி, இரண்டு நுனியையும் பிடித்து முறுக்கைப் பிரித்துப் பாருங்கள். ரிங் முறையில் நூற்ற நூல் என்றால் இழைகள் நீளவாக்கில் வழுக்கிப் பிரியும். ஓபன் எண்ட் என்ற இன்னொரு முறையில் நூற்ற நூலில் இடையிடையே இழைகள் அரைஞாண் கட்டினதுபோல் சுற்றிக்கொண்டு பிரிய மறுக்கும். விலை குறைவு, ஆனால் தொட்டால் வறட்டென்று இருக்கும். ரிங் நூல் துவைக்கத் துவைக்கப் பழகிவிடும்.

அதே நூலை இழுக்கும்போது நடுவில் ரப்பர்போல நீளும் மெல்லிய இழை தெரிந்தால் அது எலாஸ்டேன். ஒன்றிரண்டு சதவீதம் போதும், குத்தவைத்து உட்காரலாம். அதற்கு மேல் போனால் காலை இறுக்கிப் பிடித்துக் காற்றுக்கு வழி விடாது. எலாஸ்டேனுக்குச் சூடும் ஆகாது. இது தெரிந்தும் என் சொந்த ஸ்ட்ரெச் ஜீன்ஸைக் காட்டன் சூட்டில் வைத்தே இஸ்திரி போட்டேன். நாலு மாதத்தில் முட்டி இரண்டும் பை மாதிரி தொங்கிவிட்டது. தையற்காரன் லட்சணம்!

கால் குறைத்த துண்டைத் தையல் கடையிலேயே விட்டுவிடாமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அந்த பேண்ட் உங்களுக்குப் பிடித்துப்போனால், அடுத்த தடவை ஜவுளிக்கடைக்கு அந்தத் துண்டோடு போகலாம்.