சளி மாத்திரை போடும் முன் அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

போன மாதம் ஒரு சளி என்னைப் படுத்தி எடுத்துவிட்டது. காலையில் மூக்கடைப்புக்கு ஒரு மாத்திரை, மத்தியானம் உடம்பு வலிக்கு வேறொன்று, ராத்திரி தும்மலுக்கு இன்னொன்று. மூன்றும் வேறு பெயர், வேறு நிறம். மறுநாள் பத்து மணி வரை எழவே முடியவில்லை. நாக்கு காய்ந்து ஒட்டிக்கொண்டது. அப்புறம்தான் அட்டைகளைத் திருப்பினேன். மூன்றிலும் பாரசிட்டமால், இரண்டில் தூக்கம் வரவைக்கும் குளோர்ஃபெனிரமின்.

1. உட்பொருளைப் படியுங்கள். நான் வழுக்கியது இங்கேதான். முன்பக்கம் பெரிதாக இருப்பது வெறும் பெயர். விஷயம் பின்பக்க வெள்ளித்தாளில், பொடி எழுத்தில் இருக்கும். பூதக்கண்ணாடியைவிட போன் கேமராவே மேல்: படம் எடுத்து, பெரிதாக்கிப் படியுங்கள். மாத்திரையை எழுத்து இல்லாத ஓரத்திலிருந்து பிதுக்க ஆரம்பித்தால் கடைசி வரை பெயர்கள் கிழியாமல் இருக்கும்.

குளோர்ஃபெனிரமின், செட்டிரிசின், லோரட்டடின் எல்லாம் ஒவ்வாமை மருந்துகள். தும்மல், மூக்கொழுகல், கண் அரிப்புக்கு. சூடோஎஃபெட்ரின், ஃபினைலெஃப்ரின் இரண்டும் மூக்கின் ரத்தக்குழாய்களைச் சுருக்கி அடைப்பைக் குறைக்க. அந்தச் சுருக்கம் மூக்கோடு நிற்காது; ரத்த அழுத்தமும் ஏறலாம்.

2. ஒரே பொருள் இரண்டு இடத்தில் இருக்கிறதா? இருமல் சிரப்பையும் சேர்த்துப் பாருங்கள். பாரசிட்டமாலுக்குப் பெரியவர்களின் உச்சவரம்பு 24 மணி நேரத்துக்கு 4000 மில்லிகிராம். கல்லீரல் கோளாறு இருந்தால் அதைவிடக் குறைவு. போட்ட நேரத்தை அட்டையிலேயே பேனாவால் எழுதிவிடுவேன். செயலிகளில் எனக்கு நம்பிக்கை இல்லை, காய்ச்சலில் யார் திறந்து பார்ப்பது?

3. உங்களுக்கு ஆகுமா? உயர் ரத்த அழுத்தம், இதய நோய், கண் அழுத்த நோய், புராஸ்டேட் வீக்கம், தைராய்டு மிகைச் சுரப்பு, கர்ப்பம் – இதில் எது இருந்தாலும் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். மனச்சோர்வுக்கு எம்ஏஓஐ வகை மருந்து சாப்பிடுபவர்கள், அதை நிறுத்தி 14 நாள் ஆகும் வரை மூக்கடைப்பு மருந்து கலந்த சளி மாத்திரையைத் தொடக் கூடாது. சின்னக் குழந்தைக்குப் பெரியவர் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கவே வேண்டாம்.

4. போடும்போது. மெதுவாகக் கரையும் வகை என்றால் உடைக்காமல், மெல்லாமல் முழுதாக விழுங்குங்கள். மது கூடாது. தூக்கம் வரவில்லை என்று தோன்றினாலும் வண்டியை எடுக்காதீர்கள். கவனம் முன்பே மங்கியிருக்கும்.

என் கட்சி இது: வெறும் தும்மல்தான் என்றால் ஒற்றை மருந்து போதும், பல மருந்து கலந்த கூட்டு மாத்திரை எதற்கு? அதிலும் ஃபினைலெஃப்ரின் மாத்திரை வழக்கமான அளவில் மூக்கடைப்புக்குப் பயன் தருவதில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் ஆலோசனைக் குழு 2023-இல் ஒருமனதாகச் சொன்னது.

பின்சேர்க்கை: படித்த இரண்டு பேர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "ஒவ்வாமை மருந்து தூங்க வைக்கும், மூக்கடைப்பு மருந்து விழிக்க வைக்கும், சரியாகிவிடாதா?" ஆகாது. கண் சொருகும், நெஞ்சு படபடக்கும், இரண்டும் சேர்ந்தே வரும். படபடப்பு அடங்காவிட்டாலோ சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ அடுத்த வேளையைப் போடாமல் உடனே மருத்துவரிடம் போங்கள். போகும்போது அந்த அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள்.