சேமிப்பக டிரைவரில் ரெஃபரன்ஸ் கவுண்ட் பிழையைத் திருத்துவது எப்படி?

லினக்ஸ் கெர்னலில் ஒரு டிஸ்க்குக்கான கட்டமைப்பை எத்தனை இடங்கள் பிடித்துவைத்திருக்கின்றன என்பதை கேரெஃப் என்னும் எண்ணி கணக்கில் வைத்திருக்கிறது; இந்தக் கணக்குதான் ரெஃபரன்ஸ் கவுண்ட். தொடக்கத்தில் அதன் மதிப்பு 1. 'கெட்' ஒன்றைக் கூட்டும், 'புட்' ஒன்றைக் குறைக்கும், 0 ஆனதும் ரிலீஸ் ஃபங்ஷன் அந்த நினைவகத்தை விடுவிக்கும்.

முதலில் கணக்கு எந்தப் பக்கம் தவறியிருக்கிறது என்று பாருங்கள். கெர்னல் லாக்கில் 'அண்டர்ஃப்ளோ. யூஸ் ஆஃப்டர் ஃப்ரீ' (எண்ணி 0-க்குக் கீழே போகிறது, விடுவித்த நினைவகம் பயன்படுத்தப்படுகிறது) என்ற எச்சரிக்கை வந்திருந்தால், எங்கோ ஒரு புட் கூடுதலாக இருக்கிறது. 2017-இல் வந்த 4.11 பதிப்பிலிருந்து கேரெஃபுக்குள் இருக்கும் ரெஃப்கவுண்ட் என்னும் எண் வகை இதைக் கண்டுபிடித்துச் சொல்கிறது. புட் விடுபட்டுப்போனாலோ எந்தச் சத்தமும் வராது, நினைவகம் மட்டும் திரும்பாது. அதனால்தான் இரண்டாவது வகையை நான் அதிகம் அஞ்சுகிறேன்.

அதைப் பிடிக்க, ரிலீஸ் ஃபங்ஷனுக்குள் ஒரு பிரிண்ட் வரியைச் சேர்த்து, டிஸ்க்கைத் திறந்து, மூடி, கழற்றுங்கள். அந்த வரி லாக்கில் வந்துவிட்டால் வழக்கமான பாதை சரி. இனி பிழைப் பாதைகளைப் படிக்க வேண்டும்.

திறக்கும் ஃபங்ஷனை வரி வரியாகப் பாருங்கள். மியூடெக்ஸை (ஒரே நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் பூட்டை) பூட்டுகிறது, கெட் அழைக்கிறது, பஃபருக்கு நினைவகம் கேட்கிறது. கிடைக்காவிட்டால் பூட்டைத் திறந்துவிட்டு மைனஸ் 12 என்ற பிழை எண்ணுடன் (நினைவகம் இல்லை என்று பொருள்) திரும்பிவிடுகிறது. திறப்பு தோற்றுவிட்டால் கெர்னல் மூடும் ஃபங்ஷனை அழைப்பதே இல்லை என்பதால், அங்கே எழுதப்பட்டிருக்கும் புட் ஒருபோதும் ஓடாது, எண்ணி 1-க்குக் கீழே இறங்காது. இதை உறுதிசெய்ய, ஒதுக்கீட்டின் விடையை ஒருமுறை வேண்டுமென்றே நல் (எதுவும் கிடைக்கவில்லை என்னும் வெற்று மதிப்பு) ஆக்கிச் சோதியுங்கள்: டிஸ்க்கைக் கழற்றிய பிறகும் ரிலீஸ் வரி வராது.

திருத்தம் சிறியது. தோல்வியுறும் இடத்திலிருந்து கோட்டூ என்னும் தாவல் கட்டளை மூலம் ஃபங்ஷனின் கடைசியில் உள்ள லேபிளுக்குச் சென்று, அங்கே பூட்டைத் திறந்தபின் புட் அழையுங்கள். இந்த வரிசையை மாற்றிவிடாதீர்கள். மியூடெக்ஸ் அதே கட்டமைப்புக்குள் இருந்து, அந்தப் புட் கடைசியானதாகவும் அமைந்துவிட்டால், விடுவிக்கப்பட்ட நினைவகத்தில் இருக்கும் பூட்டைத் திறக்க முயல்வீர்கள். பயனரின் கோப்புகளைச் சுமக்கும் டிரைவரில் அப்படி ஒரு பிழையைப் புதிதாக நுழைத்துவிடுவது, பழைய கசிவைவிட மோசமானது.

பிறகு கேசான் (நினைவகத்தைத் தவறாகத் தொடுவதைக் கண்டுபிடிக்கும் கருவி) இயக்கப்பட்ட கெர்னலில் அதே தோல்விச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். டிஸ்க்கைக் கழற்றியதும் ரிலீஸ் வரி ஒரே ஒருமுறை வர வேண்டும், கேசான் எதையும் சொல்லக் கூடாது. பிரிண்ட் வரியையும் செயற்கை நல்லையும் நீக்கிவிட்டு, பிழையைக் கொண்டுவந்த கமிட்டின் (பதிவுசெய்யப்பட்ட கோட் மாற்றத்தின்) அடையாளக் குறியீட்டில் முதல் 12 எழுத்துகளை 'ஃபிக்ஸஸ்' வரியில் குறித்துப் பேட்சை அனுப்புங்கள்.