ஊரடங்கில் மனம் சோராமல் இருக்க

2020 மார்ச் 20 மாலை இலங்கை முழுவதும் ஊரடங்கு வந்தபோது, திருகோணமலையில் கடற்கரை நடையும் சந்தைப் பேச்சும் ஒரேயடியாக நின்றுபோயின. மறுபடியும் அப்படி முடங்க நேர்ந்தால், முதலில் விழிக்கும் நேரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். உறங்கும் நேரத்தை அல்ல. அது நம் கையில் இல்லை. தினமும் ஒரே நேரத்தில் எழுந்து, விறாந்தையிலோ கிணற்றடியிலோ கொஞ்ச நேரம் வெளிச்சத்தில் இருங்கள். கண்ணில் படும் காலை ஒளிதான் உடலின் உட்கடிகாரத்தைச் சரிசெய்கிறது. இரவுத் தூக்கமும் அதைப் பொறுத்ததே. கச்சான் காற்று அனலாய் வீசும் மாதங்களில் மதியம் கண் சொக்கத்தான் செய்யும். அரை மணி நேரத்தில் எழுந்துவிடுங்கள், இல்லையென்றால் இரவு கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

செய்தி, காலையும் மாலையும் ஒவ்வொரு தடவை போதும். வாட்ஸ்அப்பில் வரும் குரல்பதிவுகள் எல்லாம் வைத்தியர் சொன்னவை அல்ல.

கவலைக்கு ஒரு கொப்பி வையுங்கள். மனதில் எழுந்ததும் எழுதிவிட்டு, மாலையில் மட்டும் திறந்து பாருங்கள். 'வள்ளம் கடலுக்குப் போகாவிட்டால் கடனுக்கு என்ன செய்வது?' என்று எழுதியிருந்தால், அதன் கீழே 'நாளை வங்கிக்கு அழைத்துத் தவணை கேட்க வேண்டும்' என்று எழுதுங்கள். செய்ய எதுவும் இல்லாத கவலையைக் கோடு போட்டு வெட்டிவிடுங்கள்.

தனியாக இருக்கும் பெரியம்மாவுக்கு அழைத்தால், "சுகமா?" என்பதோடு நிறுத்தாமல் சொதி வைக்கும் பக்குவத்தைக் கேளுங்கள், பேச்சு தானாக நீளும்.

நாட்கணக்கில் உறக்கமோ பசியோ இல்லையென்றால், தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.