வகுப்பறையில் ஒரு வாம்பம் பட்டை நெய்வது எப்படி?

எனக்குச் சொந்த ஊர் பத்தமடை. உம்மா இன்றைக்கும் கோரைப் பாய் நெய்கிறார். கல்யாணப் பாயில் மாப்பிள்ளை பெண் பெயரை நெய்து கொடுப்பார். ஆனால் அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தாளில் எழுதிக் கொடுத்தால் இழையை எண்ணி எண்ணிக் கொண்டுவந்துவிடுவார். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளோடு வாம்பம் பட்டை செய்யலாம் என்று நான் துணிந்ததற்கு அவர்தான் காரணம்.

வாம்பம் என்றால் வட அமெரிக்கப் பூர்வகுடிகள் சிப்பி, சங்கிலிருந்து செய்த குழல் மணி. அதைக் கோத்து நெய்ததுதான் வாம்பம் பட்டை. வெள்ளை மணியை ஒருவகைக் கடல் சங்கின் நடுத்தண்டிலிருந்து எடுத்தார்கள். ஊதா மணி குவாஹாக் என்ற மட்டியின் ஓட்டில் ஊதா படிந்த பகுதியிலிருந்து வருவது. ஒரு ஓட்டில் அந்த ஊதா கொஞ்சம்தான் இருக்கும், அதனால் ஊதாவுக்கு மதிப்பு அதிகம். இது எவ்வளவு பெரிய வேலை என்று பிள்ளைகளுக்குப் புரிய வேண்டுமென்றால் ஒரு தூத்துக்குடிச் சங்கைக் கையில் கொடுத்து, ‘இதில் ஊசி நுழைகிற மாதிரி துளை போடு’ என்று சொல்லுங்கள். போதும்.

குடியேறிய ஐரோப்பியர்களுக்குச் சில்லறைக் காசு தட்டுப்பாடாக இருந்தபோது இந்த மணியைப் பணமாகப் புழங்கினார்கள். அதை மட்டும் பிடித்துக்கொண்டு ‘பூர்வகுடிகளின் பணம்’ என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கு அதில் எரிச்சல் உண்டு. மணியைக் கோத்த அந்த மக்களுக்குப் பட்டை என்பது ஒருவருக்கொருவர் கொடுத்த வாக்கு.

முதலில் எந்தப் பட்டை என்று முடிவு செய்யுங்கள். இரட்டை வரிப் பட்டைதான் என் சிபாரிசு. வெள்ளைத் தரையில் நீளவாக்கில் இரண்டு ஊதா வரிகள், அவ்வளவுதான். நியூயார்க் பக்கத்து ஹோடனோசோனி மக்களும் டச்சுக்காரர்களும் செய்துகொண்ட உடன்பாட்டை அது சொல்கிறது. 1613 என்பது ஹோடனோசோனி மரபு சொல்லும் ஆண்டு. வரலாற்றாய்வாளர்களுக்குள் அந்த ஆண்டு பற்றிக் கருத்து வேறுபாடு இருக்கிறது. எனவே கண்காட்சி அட்டையில் எழுதும்போது ‘மரபுப்படி’ என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

மணி வாங்க ஆரி வேலைச் சாமான் விற்கும் கடைக்குப் போங்கள். குழாய் மாதிரி நீளமணி, ஆறு மில்லி நீளம், மூன்று மில்லி கனம் என்று கேளுங்கள். காலி ரீஃபிலை நறுக்கலாமே என்று எனக்கும் தோன்றியது, நறுக்கினோம். உள்ளே ஒட்டியிருந்த மை நாலு பிள்ளைகளின் சட்டையைக் கெடுத்தது. அடுத்த நாள் வீட்டிலிருந்து வந்த வசவை எழுதாமல் விடுகிறேன்.

அகலத்துக்கு எட்டு மணி: வெள்ளை இரண்டு, ஊதா ஒன்று, வெள்ளை இரண்டு, ஊதா ஒன்று, வெள்ளை இரண்டு. முப்பது சென்டிமீட்டர் நீளத்துக்கு நூறு வரிசை வரும். ஆக 600 வெள்ளை, 200 ஊதா. உடைந்து தொலைவதற்கு ஐம்பது கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள். எல்லாம் ஒரே கனம்தானா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். எங்கள் முதல் பட்டையில் ஒரு கரைக்குத் தடித்த மணியும் மறுகரைக்கு மெலிந்த மணியும் போய்விட்டன. பட்டை அருவா மாதிரி வளைந்தது.

அரை மீட்டர் பலகையின் இரு முனையிலும் ஏழு மில்லி இடைவெளியில் ஒன்பது ஆணி. மெழுகு தேய்த்த நூலை ஆணிக்கு ஆணி இழுத்துப் பாவு கட்டுங்கள். எட்டு மணிக்கு ஒன்பது பாவு, ஒவ்வொரு மணியும் இரண்டு பாவுக்கு நடுவில் உட்காரும். விரல் நுழைய இரு முனையிலும் பாவுக்கு அடியில் ஒரு கட்டையைச் செருகுங்கள்.

இனி ஊடை, அதாவது குறுக்கு நூல். ஊசியில் எட்டு மணியைக் கோத்து, பாவுக்கு அடியில் குறுக்கே கொண்டுபோங்கள். இடது கை ஆள்காட்டி விரலால் மணிகளைக் கீழிருந்து மேலே தள்ளினால் ஒவ்வொன்றும் பாவின் இடைவெளியில் எழும்பி நிற்கும். அப்படியே பிடித்துக்கொண்டு ஊசியை அதே எட்டு மணி வழியாகத் திருப்பி விடுங்கள், இந்தமுறை பாவுக்கு மேலாக. ஊசி பாவு நூலைக் குத்திவிடக் கூடாது. குத்தினால் பின்னால் இழுத்து நேராக்க முடியாது. இப்போது ஒவ்வொரு பாவும் மேலே ஒரு நூலும் கீழே ஒரு நூலுமாகக் கவ்வப்பட்டிருக்கும். ஒரு நூல் அறுந்தாலும் மணி கொட்டாது. அசல் பட்டைகளிலும் மணிக்குள் இரட்டை இழைதான் ஓடுகிறது. உம்மா இதைத் தடவிப் பார்த்துவிட்டு, “எழுத்து இல்லாட்டி என்னல, எண்ணிக்கை இருக்குல்லா” என்றார். பிறகு அறுபதாவது வரிசைப் பக்கம் ஒரு மணி குறைவதைக் கண்டுபிடித்து, அதுவரைக்கும் பிரிக்கச் சொன்னார். பிரித்தோம்.

முடிச்சுப் போட்டுக் குஞ்சம் விட்டதும் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். பட்டையை இரண்டு கையிலும் ஏந்தி அதிலுள்ள வாக்கைச் சொல்லத் தெரிந்த ஆள் வேண்டும். ஹோடனோசோனி சபைகளில் அதற்கென்று பொறுப்பாளர்கள் இருந்தார்கள். சொல் ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குப் போனது. எங்கள் வகுப்பில் வில்லுப்பாட்டில் பின்பாட்டுப் பாடும் ஒரு பெண்ணைப் பிடித்தேன். அவள் விரல் ஓடும் இடத்துக்கு ஏற்பச் சொல்லப் பழகினாள்: “ஒரு ஊதா வரி எங்கள் தோணி. இன்னொன்று உங்கள் கப்பல். ஒரே ஆற்றில் பக்கத்துப் பக்கத்தில் போகிறோம். உங்கள் சுக்கானை நாங்கள் பிடிக்க மாட்டோம், எங்கள் துடுப்பை நீங்கள் பிடிக்கக் கூடாது. நடுவில் இருக்கும் வெள்ளை சமாதானம், நட்பு.” மனப்பாடமாக ஒப்பிக்க விடாதீர்கள், அவரவர் வாய்ப்பேச்சில் வரட்டும்.

“இந்த வாக்கைக் காப்பாத்தினாங்களா சார்?” என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். நிலம் பெரும்பாலும் போய்விட்டது என்பதை மறைக்க வேண்டாம். கூடவே அமெரிக்க அரசும் ஹோடனோசோனியும் செய்துகொண்ட 1794 கனன்டைகுவா ஒப்பந்தத்தையும் சொல்லுங்கள். அதற்கான பட்டையில் கைகோத்து நிற்கும் மனித உருவங்களும் நடுவில் ஒரு வீடும் இருக்கின்றன. அந்த ஒப்பந்தப்படி அமெரிக்க அரசு இன்றைக்கும் வருடா வருடம் ஹோடனோசோனிக்குத் துணி அனுப்புகிறது. பழைய பட்டைகள் பல அருங்காட்சியகங்களில் அடைபட்டுக் கிடந்தன. நியூயார்க் மாநில அருங்காட்சியகம் 1989இல் 12 பட்டைகளை ஹோடனோசோனியில் ஒரு பிரிவான ஒனன்டாகா மக்களிடம் திருப்பிக் கொடுத்தது.

அதனால் கண்காட்சி முடிந்ததும் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். எங்கள் பட்டை பிஸ்கட் டப்பா ஒன்றில் சுருட்டி வைத்திருக்கிறது. ஜூனில் பத்தாம் வகுப்புக்குப் போன பெண் வந்து, புது ஒன்பதாம் வகுப்பில் ஒருத்திக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போவாள். போன ஜூனில் ‘சுக்கான்’ என்ற சொல் மறந்துபோய், ‘ஸ்டியரிங்’ என்று சொல்லிவிட்டாள். நான் திருத்தவில்லை.