வாறுகால்ல ஊத்துனது எங்க போகுது? நெல்லையில் நாம் செய்யும் தவறுகள்

பாளையங்கோட்டையில் எங்கள் தெருமுனையில் சாயங்காலம் வடை போடும் அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். கடையை எடுத்துவைக்கும்போது சட்டியில் மிஞ்சிய கறுத்த எண்ணெயை அப்படியே வாறுகாலில், அதாவது தெருவோர வடிகாலில், சாய்ப்பார். ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"ஏன் அண்ணாச்சி, இத இங்க ஊத்துதிய?"

"வாறுகால்லதான ஊத்துதேன், ஆத்துலயா ஊத்துதேன்?"

கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கு அது நிஜமாகவே இரண்டு வேறு இடங்கள். எனக்கும் அந்த இடத்தில் நின்றபடி சொல்ல ஒரு பதில் வரவில்லை. பதில் கொஞ்சம் நீளமானது.

டவுண், பேட்டை, மேலப்பாளையம், பாளையங்கோட்டை எல்லாம் வயலுக்கு நடுவில் வளர்ந்த ஊர்கள். இன்றைக்கு இருக்கும் பல தெருக்களுக்கு மூத்தவை கால்வாய்கள். பழவூர் அணைக்கட்டில் பிரிகிற பாளையங்கால்வாய் மேலப்பாளையத்தையும் பாளையங்கோட்டையையும் தொட்டுக்கொண்டு போகிறது. சுத்தமல்லி அணைக்கட்டில் பிரிகிற நெல்லைக் கால்வாய் டவுண் பக்கம் வந்து நயினார்குளத்தை நிரப்புகிறது. வெட்டியவர்கள் கார், பிசானம் என்ற இரண்டு நெல் போகத்துக்குமாக வெட்டினார்கள். பிறகு வயல் வீட்டுமனையானது. வீட்டுக்கு முன்னால் வாறுகால் கட்டினோம். தண்ணீர் பள்ளம் பார்த்துத்தானே ஓடும்? பள்ளத்தில் ஏற்கெனவே இருந்தது கால்வாய். ஆக, தெரு வாறுகால் கால்வாயில் விழுகிறது, கால்வாய் குளத்துக்கோ வயலுக்கோ போகிறது, குளம் நிறைந்து மறுகால் பாய்ந்தால் அடுத்த குளம், கடைசியில் தாமிரபரணி. இந்த வழியில் எந்த இடத்திலும் வடிகட்டி கிடையாது.

அந்த ஆற்று மணலில்தான் நம் குடிதண்ணீர் உறைகிணறுகள் இருக்கின்றன. நாம் விட்டது நமக்கு வராவிட்டாலும் கீழே வல்லநாட்டிலிருந்து தண்ணீர் எடுக்கிற தூத்துக்குடிக்காரர்களுக்குப் போகும்.

இரண்டு குழாயையும் ஒன்றாக நினைப்பது

எல்லாத் தவறுகளுக்கும் தாய் இதுதான். பாதாளச் சாக்கடை வேறு, மழைநீர் வடிகால் வேறு. முதலாவதில் போவது சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்ச் சேர வேண்டியது. இரண்டாவது மழைத்தண்ணீருக்கு மட்டும். அதில் போவதை யாரும் சுத்திகரிப்பதில்லை.

பாதாளச் சாக்கடை வராத தெருக்களில் செப்டிக் டேங்கின் மேல்வழிக் குழாயை ராவோடு ராவாக வாறுகாலுக்குத் திருப்பிவிடுகிறார்கள். "தெளிஞ்ச தண்ணிதான போகுது" என்பார்கள். செப்டிக் டேங்க் பாதி வேலைதான் செய்யும். கட்டி அடியில் தங்கிவிடும், மேலே வழிகிற தண்ணீரில் கிருமி அப்படியே இருக்கும். அந்தத் தண்ணீர் உறிஞ்சுகுழிக்குள் போய் மண்ணில் வடிந்தால்தான் மீதி வேலை முடியும். உறிஞ்சுகுழிக்கு நாலடி இடம் விட மனசில்லாமல், அதே நாலடியில் பைக் நிறுத்த ஷெட் போடுகிறோம். டேங்கில் சேர்ந்த கசடையும் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டும். நிரம்பி வழிந்த பிறகு லாரியைக் கூப்பிடுவதுதான் நம் வழக்கம். லாரி வந்தால் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவீர்கள் என்று கேளுங்கள். உரிமம் உள்ள வண்டி என்றால் மாநகராட்சி சொன்ன இடத்தைச் சொல்வார்கள். "அதெல்லாம் நாங்க பாத்துக்கிடுதோம்" என்றால் அது இருட்டில் ஏதோ ஒரு ஓடைக்குத்தான் போகிறது. சாக்கடை, செப்டிக் டேங்க் புகாருக்கும் உதவிக்கும் 14420 என்ற எண் இருக்கிறது. ஆளை உள்ளே இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஐந்நூறு ரூபாய் குறைகிறது என்று இறக்கிவிடாதீர்கள், விஷவாயு நிமிஷத்தில் ஆளைக் கொன்றுவிடும்.

இதையே தலைகீழாகவும் செய்கிறோம். மொட்டைமாடித் தண்ணீர்க் குழாயைப் பாதாளச் சாக்கடையில் சேர்ப்பது, மழை பெய்து தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும்போது ஆள்நுழைகுழி மூடியைக் கம்பியால் நெம்பித் திறந்துவிடுவது. தண்ணீர் சர்ரென்று வடியும், பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் குழாய் மழைக்காக அளந்து போட்டதில்லை. கொஞ்ச நேரத்தில் தாழ்ந்த தெருவில் இருக்கிற வீட்டுக் கக்கூஸ் வழியாக அது மேலே வரும். 2023 டிசம்பர் 17, 18 மழையை யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. நம் ஊரில் கொக்கிரகுளம், வண்ணார்பேட்டை எல்லாம் ஆறாக நின்றது. அந்த அளவு மழையை எந்த வடிகாலும் தாங்காது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சாதாரண ஐப்பசி மழைக்கே தெரு நிரம்புகிறதே, அதற்கு வானத்தைக் குறை சொல்ல முடியாது.

எண்ணெய்

வடைக்கடை அண்ணாச்சியிடம் திரும்பப் போவோம். சூடாக ஊற்றும்போது எண்ணெய் ஓடிவிடுகிறது. பத்தடி தள்ளி ஆறியதும் சோப்பு நுரை, சோற்றுப்பருக்கை, மண் எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு வாறுகால் சுவரில் பிசினாக அப்பிக்கொள்ளும். மழை வந்தால் அது பெயர்ந்து குளத்துக்குப் போய் மேலே படலமாக மிதக்கும். காற்று தண்ணீருக்குள் இறங்காது. உள்ளே போன எண்ணெயையும் எச்சிலையும் தின்று செரிக்கிற நுண்ணுயிர்களோ இருக்கிற ஆக்ஸிஜனையும் இழுத்துவிடும். மீன் நன்றாக வாழ ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்த ஆக்ஸிஜன் 4 மில்லிகிராமாவது வேண்டும். அதற்குக் கீழே போகும்போதுதான் கெண்டையும் கெளுத்தியும் விடியற்காலையில் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அதைப் பார்த்து "மீனு துள்ளுது" என்று ரசிக்கிறவர்களும் உண்டு.

வீட்டில் செய்யக்கூடியது சின்ன விஷயம். சட்டியைக் கழுவும் முன் பழைய பேப்பரால் துடைத்துக் குப்பையில் போடுவது. கடைகளுக்கு வழி இருக்கிறது: பொரித்த எண்ணெயை வாங்கி பயோடீசல் செய்யும் திட்டத்தை இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் கொண்டுவந்தது. ஒரு நாளைக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் செலவழிக்கும் கடைகள் மிஞ்சியது எங்கே போகிறது என்று கணக்கு வைக்க வேண்டும். தள்ளுவண்டிக்காரருக்கு இது பொருந்தாது. அவருக்கு ஒரு தகர டின்தான் தேவை. எங்கள் அண்ணாச்சிக்கு நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். முக்கால்வாசி நாள் டின்னுக்குப் போகிறது. மழை தூறி அவசரமாகக் கடை எடுக்கிற அன்றைக்குப் பழைய இடத்துக்கே.

ஒர்க்ஷாப்பில் வடித்த எஞ்சின் ஆயில் இதைவிட மோசம். அது லேசில் மக்காது. அதில் எஞ்சினில் தேய்ந்த உலோகப் பொடியும் கலந்திருக்கும். கீழே சிந்தினால் தண்ணீரை அடித்துக் கழுவாமல் மரத்தூளைப் போட்டு உறிஞ்சவைத்துப் பெருக்கி அள்ள வேண்டும். கழிவு ஆயிலைக் காசு கொடுத்து வாங்க ஆளே வருகிறது, கொட்டவே தேவையில்லை.

வாறுகால் ஓரத்துக் கோலம்

மந்திரி வருகிறார் என்றால், டெங்கு என்று பேப்பரில் வந்தால், வாறுகால் ஓரத்தில் கோலம் இழுத்ததுபோல் பிளீச்சிங் பவுடர் விழும். வெள்ளையாக இருப்பதால் வேலை நடந்ததுபோல் நமக்கும் ஒரு திருப்தி. சேறு நிறைந்த சாக்கடையில் அந்தக் குளோரின் அழுக்கோடு வினைபுரிந்தே தீர்ந்துபோகும், கொசுப்புழுவுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. நிறையக் கொட்டினால் குளத்துக்குப் போய் மீனைக் கொல்லும், அழுக்கைத் தின்கிற நல்ல நுண்ணுயிர்களையும் கொல்லும். இதில் வேடிக்கை, டெங்கு கொசு சாக்கடையில் முட்டையிடுவதே அரிது. அதற்கு நம் வீட்டு நல்ல தண்ணீர்த் தொட்டியும் பழைய டயரும்தான் வேண்டும். தேங்கிய சாக்கடையில் வளர்வது க்யூலெக்ஸ், ராத்திரி காதோரம் பாடுகிறதே அது. அதற்கு மருந்து தண்ணீரை ஓடவிடுவதுதான். பினாயில், ஆசிட் கதையும் இதேதான்.

நான் செய்தது

ஊருக்குச் சொல்லிக்கொண்டே போகிறேன், என் பங்கையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டு மாடித் தளம் போட்ட அன்று, சாயங்காலம் கலவை மிஷினைக் கழுவிய தண்ணீர் வாசல் வாறுகாலில் போனதை நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சாம்பல் நிறத் தண்ணீர், அவ்வளவுதானே என்று. மூன்றாம் நாள் அடுத்த வீட்டு மதினி கூப்பிட்டுக் காட்டினார். வாறுகால் அடியில் மூன்று விரல் கனத்துக்குக் கெட்டிப்பட்டிருந்தது. உளியும் சுத்தியலும் வைத்துக் கொத்த ஒரு நாள் கூலி கொடுத்தேன். அடைப்பாவது கண்ணுக்குத் தெரிந்தது. ஓடிப்போன தண்ணீர் தெரியவில்லை. புதுச் சிமென்ட் கரைந்த தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி, அதன் கார அளவு (pH) 12-ஐத் தொடும். மீனின் செவுள் அதில் வெந்துபோகும். மனையிலேயே ஒரு குழி வெட்டி அதில் கழுவச் சொல்லியிருந்தால் சிமென்ட் தங்கியிருக்கும், தண்ணீர் மண்ணில் இறங்கியிருக்கும். கொத்தனாரிடம் முதல்நாளே சொல்ல வேண்டும், கடைசிநாள் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள்.

எம்-சாண்டை வாறுகால் வாய்க்கு மேலேயே குவிப்பது, பெயின்ட் பிரஷ் கழுவிய டின்னரைக் கவிழ்ப்பது எல்லாம் இந்த வகைதான். கார் ஏற வாசலில் கான்கிரீட் சாய்தளம் போட்டு வாறுகாலை ஒரேயடியாக மூடிவிடுகிறார்களே, அதுவும். மூடத்தான் வேண்டுமென்றால் இரண்டு பேர் தூக்கி எடுக்கிற மாதிரி துண்டு துண்டான பலகைக்கல் போடுங்கள். மூடிய வாறுகாலுக்குள் என்ன இருக்கிறது என்று மழை வந்து சொல்லும்வரை யாருக்கும் தெரியாது.

படித்துறையில்

பாபநாசத்தில் குளித்துவிட்டுக் கட்டியிருந்த துணியை ஆற்றோடு விட்டுவருவது பரிகாரம் என்கிறார்கள். துணி எங்கும் போவதில்லை, பாறை இடுக்கில் சிக்கி அங்கேயே கிடக்கும். அடுத்து முழுக்குப் போடுகிறவர் காலில் சுற்றும். கரையில் வைத்திருக்கும் தொட்டியில் போட்டால் பாவம் ஒட்டிக்கொண்டே இருக்கும் என்று எந்தச் சாஸ்திரமும் சொன்னதாக நான் கேட்டதில்லை.

சோப்புத்தூள் விஷயம் கொஞ்சம் மறைமுகமானது. ஆற்றிலும் கால்வாயிலும் அடர்ந்து கிடக்கும் அமலைச்செடியை (ஆகாயத்தாமரையை) வருஷாவருஷம் மிஷின் வைத்து அள்ளுகிறார்கள், அடுத்த வருஷமும் அதே இடத்தில் அது நிற்கிறது. பயிருக்கு உரம் போலத்தான் அதற்குச் சாக்கடையும் பாஸ்பேட் கலந்த சோப்புத் தண்ணீரும். தீனியை நிறுத்தாமல் செடியை மட்டும் பிடுங்கினால் அது வெறும் அறுவடை.

ஆடிக்காற்றும் ஐப்பசி மழையும்

ஆடிக்காற்றில் வேப்பிலையும் புழுதியும் தெருவெல்லாம் பறக்கும். காலையில் கடை திறந்ததும் பெருக்கி, கடைசி விளக்குமாற்று வீச்சில் எல்லாவற்றையும் வாறுகாலுக்குள் தள்ளுவது நம் கடைவீதிகளின் பரம்பரைப் பழக்கம். முறத்தில் அள்ளக் கூடுதலாக அரை நிமிஷம் ஆகும். இப்படி நாலைந்து மாசம் சேர்ந்தது, கூடவே டயர் தேய்ந்த தூள், ஆயில் சொட்டு, நாய் மாட்டு எச்சம், எல்லாம் ஐப்பசியின் முதல் பெருமழையில் ஒரே மணி நேரத்தில் குளத்துக்குப் போகிறது. முதல் மழைத் தண்ணீர்தான் எப்போதும் அதிகம் கெட்டது. மழை நல்லா பெய்ததே, மீன் ஏன் செத்து மிதக்கிறது என்று கேட்பவர்களுக்கு விடை அங்கே இருக்கிறது.

அதனால் தூர்வார வேண்டிய மாசம் புரட்டாசி. கார்த்திகையில் வாரினால் அது படம் எடுக்கத்தான் உதவும். வாரியதை என்ன செய்கிறோம் என்பது அடுத்தது. சேற்றை அள்ளி வாறுகால் விளிம்பிலேயே குவித்துவிட்டு, காய்ந்ததும் வண்டி வரும் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். வண்டிக்கு முந்தி மழை வரும். செலவழித்த கூலி முழுக்க மறுபடி உள்ளே போகும். எங்கள் தெருவில் இது மூன்று தடவை நடந்த பிறகு, அள்ளும் அன்றைக்கே வண்டிக்கும் சொல்லிவைத்துக்கொண்டு, சாக்கில் கட்டி ஒருநாள் மட்டும் நீர் வடியவிட்டு ஏற்றுகிறோம்.

போன புரட்டாசியில் எங்கள் வீட்டை ஒட்டிய நாற்பதடியில் வெளியே வந்தவை: எட்டுச் சாக்குச் சேறு, குடித்துப் போட்ட இளநீர்க் கூந்தல், பால் பாக்கெட்டுகள், ஒரு கொலுசு, 2019 ஜனவரியோடு தடை என்று அறிவித்த பிளாஸ்டிக் டம்ளர்கள் ஒரு கூடை, பிறகு எங்கள் வீட்டுக் கல்யாணத் தாம்பூலப் பை ஒன்று. மணமக்கள் பெயர் இன்னும் அழியாமல் இருந்தது.