தப்பான ஆளின் போன் எண்

ஒரு ஆன்மிக அமைப்பை எதிர்த்து இணையத்தில் இயக்கம் தொடங்கப் போகிறோம் என்று சில இளைஞர்கள் என்னையும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தார்கள். அன்று இரவுக்குள்ளேயே, 2008-ல் சயின்டாலஜிக்கு (தன்னை மதம் என்று சொல்லிக்கொள்ளும் அமெரிக்க அமைப்பு) எதிராகக் கிளம்பிய கூட்டம் சறுக்கிய இடங்கள் எல்லாம் அங்கே வரிசையாக வந்து நின்றன. லண்டனில் அந்தக் கூட்டத்தில் ஓரமாக நின்றவன் என்பதால் எரிச்சலை அடக்க முடியவில்லை.

கதை தெரியாதவர்களுக்கு: 2008 ஜனவரியில் ஹாலிவுட் நடிகர் டாம் க்ரூஸ் பேசும் சயின்டாலஜியின் உள்வட்ட வீடியோ ஒன்று கசிந்தது. காப்புரிமையைச் சொல்லி அமைப்பு அதை யூடியூபிலிருந்து நீக்கப் பார்த்தது. அனானிமஸ் என்ற பெயரில் இயங்கியவர்கள் கொதித்துப்போய், ஜனவரி 21 அன்று இயந்திரக் குரலில் ஒரு போர் அறிவிப்பு வீடியோ போட்டார்கள். பிப்ரவரி 10 அன்று சுமார் 100 நகரங்களில் சயின்டாலஜி கட்டடங்களுக்கு முன்னால் ஆட்கள் கூடினார்கள், பலர் கை ஃபாக்ஸ் (Guy Fawkes) என்பவரின் முகத்தைப் போலச் செய்த முகமூடியோடு.

பாஸ்வேர்டைப் பத்திரமாக வையுங்கள் என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். அந்தக் கூட்டம் சறுக்கிய இடங்களை மட்டும் சொல்கிறேன்.

இணையதளத்தை முடக்குவது

வேண்டாம். 2008 ஜனவரியில் அதைத்தான் முதலில் செய்தார்கள். அமைப்பு தன் தளத்தை ஒரு பாதுகாப்பு நிறுவனத்தின் சர்வருக்கு மாற்றிக்கொண்டு திரும்பி வந்தது. முடக்கியதில் சேர்ந்த நியூ ஜெர்சி இளைஞர் ஒருவருக்கு ஒரு வருடமும் ஒரு நாளும் சிறை, 37,500 டாலர் இழப்பீடு. நெப்ராஸ்காவில் இன்னொருவருக்கும் ஒரு வருடம். மார்க் பங்கர் என்ற பழைய விமர்சகர் வீடியோவில் வந்து, சட்டத்துக்கு உட்பட்டு நில்லுங்கள், அவர்களுடைய வரிவிலக்கைக் கேள்வி கேளுங்கள் என்றார். அவர் பேச்சைக் கேட்டார்கள். அதற்குப் பிறகுதான் தெருவுக்கு வந்தார்கள்.

ஆளைத் தேடிப் பிடித்து வெளியிடுவது

இதைத்தான் இன்றைக்கும் என்னால் பொறுக்க முடியவில்லை.

அதே ஜனவரியில் ஒரு ஹேக்கர் குழு, தங்களுக்கு எதிராக வேலை செய்யும் சயின்டாலஜி ஆதரவு ஹேக்கரைக் கண்டுபிடித்துவிட்டதாக நம்பி, கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரில் வசித்த ஒருவரின் தொலைபேசி எண்ணை இணையத்தில் போட்டது. அவருக்கு வயது 59. அவருக்கும் இந்தச் சண்டைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அவருக்கும் மனைவிக்கும் மிரட்டல் அழைப்புகள் வந்தன. நெதர்லாந்தில் டெவென்டர் நகரத்துப் பள்ளி ஒன்றும் தவறுதலாகத் தாக்குதலுக்கு ஆளானது. பள்ளிக்கூடம்!

இது எப்படி நடக்கிறது என்றால், யாரோ ஒருவர் "இவனாக இருக்கலாம்" என்று போடுகிறார். அடுத்தவர் பகிரும்போது அந்த "லாம்" உதிர்ந்துவிடுகிறது. அப்புறம் ஐம்பது பேர் பகிர்ந்ததே ஆதாரம் ஆகிவிடுகிறது. முதலில் போட்டவருக்கே, இத்தனை பேர் சொல்கிறார்களே, சரியாகத்தான் இருக்கும் என்று தோன்றிவிடும்.

நான் சேர்ந்த குழுவிலும் இதே கதைதான். "இவன்தான் அவர்களோட ஐடி ஆள்" என்று ஒரு தம்பி எண்ணைப் போட்டார். எங்கே கிடைத்தது என்று கேட்டேன். பழைய நிகழ்ச்சி நோட்டீஸ் ஒன்றிலிருந்தாம். நான் அழைத்துப் பார்த்தேன். எண் எப்போதோ கைமாறி, இப்போது ஒரு தையல்காரரிடம் இருக்கிறது. காலையிலிருந்து யார் யாரோ கூப்பிட்டுத் திட்டுகிறார்கள் என்றார். குழுவில் சொன்னேன். "சரி அண்ணா, டெலீட் பண்ணிட்டேன்" என்றார் தம்பி. அவர் அழித்தது ஒரு குழுவில். அது போய்ச் சேர்ந்த மற்ற குழுக்களில் யார் போய் அழிப்பது?

சரியான ஆளாகவே இருந்தால்? அப்போதும் வேண்டாம். மைக் ரிண்டர் பல வருடங்கள் சயின்டாலஜியின் செய்தித் தொடர்பாளர். விமர்சகர்களை எதிர்கொள்ளும் பிரிவுக்கே தலைவராக இருந்தவர். 2007-ல் வெளியேறினார். பிற்பாடு அமைப்பின் உள்விவகாரங்களை அவரளவுக்குப் பொதுவெளியில் பேசியவர்கள் குறைவு. அமைப்பை விட்டுப் போனவர்களோடும் விமர்சிப்பவர்களோடும், குடும்பத்தாராகவே இருந்தாலும், உறவை அறுத்துக்கொள்ளச் சொல்லும் வழக்கம் அங்கே உண்டு என்று வெளியேறியவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். அப்படி அடைபட்டுக் கிடப்பவரின் வீட்டுக்கு நள்ளிரவில் போன் போட்டுத் திட்டினால், வெளியே இருப்பவர்கள் எல்லாம் வெறியர்கள் என்று உள்ளே சொல்லிக்கொடுத்ததை நாமே நிரூபித்துக் கொடுத்ததாக ஆகும். நாளைய சாட்சி இன்றைக்கு அந்த அமைப்பின் வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கலாம்.

பெயர் வேண்டுமா? நீதிமன்ற ஆவணத்தில் இருக்கும் பெயர், பதவியோடு பொதுவில் பேசும் தலைவரின் பெயர், இவை போதும். போன் எண், வீட்டு முகவரி, பிள்ளைகள் படிக்கும் பள்ளி, இவை எதற்கும் தேவைப்படாது.

முகமூடி

அந்த ஊர்ச் சட்டத்தைப் படித்துவிட்டுப் போடுங்கள். நியூயார்க்கில் பொது இடத்தில் முகம் மறைத்துக் கூடுவதைத் தடுக்கும் 1845-ஆம் ஆண்டுச் சட்டம் 2020 வரை இருந்தது.

நம்பிக்கையைக் கிண்டல் செய்வது

ஸெனு என்ற விண்வெளிச் சர்வாதிகாரியின் கதை சயின்டாலஜியில் உண்டு. அதை வைத்து ஆயிரம் ஜோக் அடித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் தெருவில் போகிறவருக்கு அது ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்தின் சாமியைக் கேலி செய்வதாகத்தான் தெரியும். மாறாக, பிப்ரவரி 10 ஏன் என்று கேட்டவர்களுக்கு அமைப்பின் உறுப்பினராக இருந்த லிசா மெக்பெர்சனின் பிறந்தநாள் என்று சொன்னபோது நின்று கேட்டார்கள். ஃப்ளோரிடாவின் கிளியர்வாட்டரில், அமைப்பின் கட்டடத்தில் 17 நாள் அவர்கள் பராமரிப்பில் இருந்து, 1995 டிசம்பரில் 36 வயதில் இறந்தவர். இங்கேயும் ஓர் எச்சரிக்கை: அவர் மரணம் தொடர்பாக அமைப்பின் மீது போட்ட குற்ற வழக்கு 2000-ல் கைவிடப்பட்டது, உரிமையியல் வழக்கு 2004-ல் சமரசமானது. ஆகவே போராட்ட அட்டையில் "கொலை" என்று எழுதினால் வக்கீல் நோட்டீஸ் வரும்.

காவலர்களோடு வாதாடுவது

நேர விரயம்.

ஆதாரம் இல்லாமல் அட்டை பிடிப்பது

2008 மே மாதம் லண்டனில், சயின்டாலஜி மதமல்ல, ஆபத்தான கல்ட் (ஆட்களை மனதளவில் கட்டிப்போடும் குழு) என்று எழுதிய அட்டையோடு நின்ற 15 வயதுப் பையனுக்கு லண்டன் நகரப் போலீஸ் சம்மன் கொடுத்தது. பையன் பதறவில்லை. 1984-ல் லேட்டி என்ற உயர் நீதிமன்ற நீதிபதி தன் தீர்ப்பில் சயின்டாலஜியைப் பற்றி அதே சொல்லைப் பயன்படுத்தியிருந்ததை எடுத்துச் சொன்னான். வழக்குத் தொடர வேண்டாம் என்று அரசு வழக்குத்துறை அதே மாதம் முடிவெடுத்தது. உங்கள் அட்டையில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் அப்படி ஒரு தாள் பையில் இருக்கட்டும். லேமினேட் செய்துவிடுங்கள், மழையில் நிற்க வேண்டியிருக்கும்.