கார்டை வெட்டினால் கணக்கு மூடாது

ஜனவரி பிறந்தால் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பல வீடுகளில் பர்ஸ் பரிசோதனை நடக்கும். தீபாவளித் துணி எடுக்கும்போது தள்ளுபடி காட்டித் தலையில் கட்டிய கடைக் கார்டு, அப்புறம் வங்கிக் கார்டு இரண்டு மூன்று. எதை வைப்பது, எதை விடுவது என்று உட்கார்ந்ததும் நம்மவர்கள் கை முதலில் கத்தரிக்கோலுக்குத்தான் போகிறது.

கார்டை வெட்டினால் கணக்கு மூடாது. பாக்கியை முழுதாகக் கட்டினாலும் மூடாது. மாதச் சேவைக் கட்டணம் அதுபாட்டுக்கு ஏறிக்கொண்டிருக்கும். சட்டம் வைத்த உச்சவரம்பு மாதம் 60 ரேண்ட், வாட் வரி சேர்த்தால் 69. அதாவது, தொடாத கார்டுக்கு வருடத்துக்கு 828 ரேண்ட் வரை தண்டம். எப்போதோ கவுண்டரில் 'சரி' என்று தலையாட்டிய கிளப் சந்தாவும் காப்புறுதியும் தனி. இந்தச் சில்லறைகள் கட்டாமல் நின்றால் நிலுவையாகி உங்கள் கடன் பதிவில் ஏறும். வீட்டுக் கடன் கேட்கப் போகும் அன்றைக்குத்தான் பலருக்கு அது தெரியவரும்.

அதனால் முடிக்க வேண்டிய தொகை எவ்வளவு, எந்தத் தேதி வரை அது செல்லும் என்று கேளுங்கள். பட்ஜெட் தவணை (கார்டில் வாங்கியதை மாதத் தவணையாகப் பிரித்துக் கட்டுவது) பாக்கியிருந்தால் அதுவும் சேர்ந்துதான் வரும். கட்டிவிட்டு, கணக்கை மூடச் சொல்லி எழுத்தில் கொடுங்கள். மூடியதற்குக் கடிதம் வாங்குங்கள். "கொஞ்சம் பொறுங்கள், லிமிட்டைக் கூட்டித் தருகிறோம்" என்று இழுப்பார்கள். அசைய வேண்டாம். பாக்கியைத் தீர்த்துவிட்டு எப்போது வேண்டுமானாலும் விலகும் உரிமையை 2005ஆம் ஆண்டின் தேசியக் கடன் சட்டமே தருகிறது.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. சில வங்கிகளில் செக் கணக்கும் கிரெடிட் கார்டும் ஒரே மாதக் கட்டணத்துக்குள் அடங்கும். அந்தக் கார்டை மூடினால் ஒரு சென்ட்கூடக் குறையாமல் போகலாம். பின்னால் புதிதாக எடுத்தால் தொடக்கக் கட்டணம் வேறு கேட்பார்கள். கட்டண அட்டவணையைப் பார்க்காமல் கை வைக்காதீர்கள்.

"பழைய கார்டுதான் கடன் மதிப்பெண்ணைக் காக்கும், உயிரே போனாலும் மூடாதே" என்பது அமெரிக்க யூடியூப் வைத்தியம். இங்கே கடன் பணியகங்கள் (ஒவ்வொருவரின் கடன் பதிவையும் வைத்திருக்கும் நிறுவனங்கள்) நாம் மாதாமாதம் கட்டிய வரலாற்றை 5 ஆண்டுதான் காட்டுகின்றன. தொண்ணூறுகளில் எடுத்த கார்டு என்ற ஒரே காரணத்துக்காகக் கட்டணம் அழுவது, என் கணக்கில் வீண். பார்க்க வேண்டியது லிமிட்டை. 30,000 ரேண்ட் லிமிட்டில் ஒன்று, 10,000 லிமிட்டில் ஒன்று, மொத்தக் கடன் சின்னக் கார்டில் 8,000 என்று வையுங்கள். இப்போது மொத்த லிமிட்டில் நீங்கள் பயன்படுத்துவது 20 சதவீதம். பெரிய கார்டை மூடிய மறுநிமிடம் அது 80, அது கடன் மதிப்பெண்ணை இழுத்துவிடலாம். முதலில் அந்த 8,000-ஐக் குறையுங்கள், அப்புறம் மூடலாம்.

பாயின்ட்ஸைப் பார்த்துக் கார்டைத் தேர்ந்தெடுப்பது, மாதாமாதம் முழுத் தொகையும் கட்டுகிறவர்களுக்குச் சரி. பாக்கி வைப்பவர் பார்க்க வேண்டியது வட்டி ஒன்றைத்தான். ரெப்போ விகிதத்தோடு (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி) 14 சதவீதம் வரை கூட்டி வாங்கச் சட்டமே இடம் தருகிறது. அதற்கு முன்னால் பாயின்ட்ஸ் எம்மாத்திரம்?

கேப் டவுனில் படிக்கும் மகனிடம் உங்கள் கணக்கின் துணைக் கார்டு இருந்தால், நீங்கள் மூடும் அன்றே அதுவும் செத்துவிடும், சொல்லிவிட்டு மூடுங்கள். கார்டிலிருந்து தானாகப் போகும் சந்தாக்களையும் முன்கூட்டியே வேறிடத்துக்கு மாற்றுங்கள்.

மூடிய பிறகு டிரான்ஸ்யூனியன், எக்ஸ்பீரியன் போன்ற பணியகங்களில் அறிக்கை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் வருடத்துக்கு ஒரு முறை இலவசம். கணக்கு இன்னும் திறந்திருப்பதாகக் காட்டினால், மூடியதற்கு வாங்கிய கடிதத்தின் நகலை இணைத்துத் திருத்தக் கேளுங்கள்.